நிறம் ஏதுவாகுமா?

தட்டானில் ஆண் எது, பெண் எது என்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நிறம். காவிரிப் படுகையில் நடவு முடிந்து நீர் நிற்கும் வயலில் இரத்தச் சிவப்பாக ஒரு தட்டான் பறக்கும். பக்கத்து வரப்புப் புல்லில் மங்கிய மஞ்சளாக, முதுகின் நடுவே கறுப்புக் கோடு ஓட, இன்னொன்று உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே இனம். பூச்சியியலார் வைத்த பெயர் குரோகோதெமிஸ் செர்விலியா. சிவந்தது ஆண், மஞ்சள் பெண். பெரும்பாலும் இது சரியாகவே வரும். பெரும்பாலும் சரியாக வரும் ஓர் அடையாளத்தால் கிடைப்பது அறிவா, நல்ல ஊகம் மட்டும்தானா என்பது பூச்சியியலைவிட மிகப் பழைய கேள்வி. அதை ஆராய்வதற்கான கருவிகளை இதே ஆற்றங்கரையின் சைவ மடங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லி வந்திருக்கின்றன.

சிவஞான சித்தியாரின் சுபக்கம் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவையைப் பற்றிப் பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய அந்த நூல், ஒன்றை உள்ளபடி அறிவதற்குப் பிறர் சொல்லும் பத்து வழிகளையும் எண்ணிக் காட்டி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் (மறைவு 1785) இதற்கு உரை எழுதினார். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் தமிழில் தந்தார். தருக்கம் அங்கே சமயத்துக்குப் புறம்பான கலையாக இருக்கவில்லை. இறைவன் உண்டு என்பதே உலகத்தை அடையாளமாகக் கொண்டு கருதி அறிய வேண்டியதாக இருந்ததால், எந்த அடையாளம் செல்லும், எது செல்லாது என்பதில் சமயமே அடங்கியிருந்தது. தட்டானின் பால் இந்தக் கேள்விக்கு வசதியான சோதனைக் களம். இங்கே முடிவைப் பூச்சியைக் கையில் பிடித்துச் சரிபார்த்துவிடலாம். இறைவன் விஷயத்தில் அந்த வசதி இல்லை.

சித்தியாரின் வகுப்பில், ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அளவில் நிற்கும் முதல் நோக்கு நிருவிகற்பம். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்ற ஐந்தோடும் சேர்த்து அறிவது சவிகற்பம். இதுவோ அதுவோ என்று தடுமாறினால் ஐயம். ஒன்றை வேறொன்றாகவே துணிந்துவிட்டால் திரிவு. வரப்பில் நிற்பவர் ‘அது ஆண் தட்டான்’ என்கிறபோது அவர் உண்மையில் கண்டது குணத்தை, அதாவது சிவப்பை. ஆண் என்பது காணப்படவில்லை, கருதப்பட்டது. கருதல் அவ்வளவு விரைவாக நடந்துவிடுவதால் அதுவும் காட்சியாகவே தோன்றிவிடுகிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று உழவர்கள் சொல்வதும் இதே வகைதான்; ஆனால் அங்கே கண்டது பறத்தல், கருதியது மழை என்பது வெளிப்படையாகத் தெரிகிறது.

நிறத்தை நம்பலாம் என்ற எண்ணத்துக்கு வயல்களே நிறைய ஆதாரம் தருகின்றன. நியூரோதெமிஸ் டுல்லியா நெல்வயலுக்கென்றே பிறந்தது போன்ற இனம். ஆணின் சிறகுகளில் அடிப்பாதி நீலம் கலந்த கறுப்பு, அதையடுத்துப் பால் வெள்ளைப் பட்டை, நுனி கண்ணாடி. பெண்ணின் உடல் மஞ்சள். சிறகின் அடி மஞ்சள், நடுவிலும் நுனியிலும் கருந்திட்டுகள். சாக்கடை கலந்த வடிகால்களில்கூடப் பெருகும் பிராகிதெமிஸ் கண்டமினேட்டாவில் ஆணுக்குச் சிறகே ஆரஞ்சு. பெண்ணுக்கு நிறமற்ற சிறகும் மங்கிய உடலும். வாய்க்கால் ஓரச் செடிகளில் இளஞ்சிவப்பாக மின்னும் டிரைதெமிஸ் அரோராவின் பெண் கறுப்புக் குறிகளோடு பழுப்பு மஞ்சள். ஊசித்தட்டான்களில் செரியாக்ரியான் கோரமண்டேலியானம் ஆண் முழு மஞ்சள், பெண் பாசிப் பழுப்பு. 1798-இல் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இதற்குச் சோழமண்டலக் கரையின் பெயரை வைத்தார். தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது.

இத்தகைய இனங்களில் ஆணும் பெண்ணும் இரண்டு வேறு பூச்சிகள் என்று நினைப்பதில் வியப்பில்லை. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1758-இல் ஒரே காட்டு வாத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாகப் பெயரிட்டிருக்கிறார். தன் சாதியோடு ஒத்து, பிற சாதியிலிருந்து விலகி நிற்பதைப் பொதுவியல்பு என்றும், பிற சாதியிலிருந்தும் தன் சாதியிலிருந்தும் விலகி நிற்பதைத் தன்னியல்பு என்றும் சித்தியார் பிரிக்கிறது. லின்னேயஸ் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். ஒரு சாதிக்குள்ளே நிகழும் விலகலைச் சாதியையே பிரிக்கும் விலகலாக அவர் கொண்டார்.

மறுபக்கம், நிறம் எதையுமே சொல்லாத இனங்கள் உண்டு. ஆர்தீட்ரம் சபினா பச்சை கலந்த மஞ்சளில் கறுப்புப் பட்டைகளோடு, அடி பருத்து இடை மெலிந்த வயிற்றோடு எங்கும் தென்படும். மற்றத் தட்டான்களையே பிடித்துத் தின்னும் முரடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டை. கருங்கல் சுவரில் கல்லோடு கல்லாக ஒட்டி உட்காரும் பிராடினோபைகா ஜெமினேட்டாவும் அப்படியே. அதைச் சுவரிலிருந்து பிரித்துப் பார்ப்பதே ஒரு வேலை. அதற்குப் பிறகல்லவா ஆண் பெண் கேள்வி. இந்த இனங்களில் கண் ஐயத்தில் நின்றுவிடுகிறது. ஐயம் பெரிய கேடல்ல. தெரியவில்லை என்று தெரிந்திருக்கிறது. திரிவுதான் கேடு. அது நிறம் தெளிவாகப் பேசும் இனங்களில் நடக்கிறது.

காரணம் வயது. நீரிலிருந்து ஏறித் தோலுரித்து வந்த தட்டான் வெளிறிப்போய் இருக்கும். செர்விலியாவின் இளம் ஆண் பெண்ணைப் போலவே மஞ்சள். முதிர்ந்த பிறகே சிவக்கிறது. வரப்பிலும் தரையிலும் தாழ உட்காரும் டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸில் இளம் ஆணும் பெண்ணும் பசுமஞ்சளில் கறுப்புக் குறிகள். ஆண் முதிரும்போது திருநீறு பூசினாற்போல் நீலவெண் பொடி படிந்து குறிகளை மூடிவிடும். ஆகவே மஞ்சளைக் கண்டு பெண் என்பவர் பல இளம் ஆண்களைப் பெண்ணாக்கிவிடுவார். சிவப்பு இருந்தால் ஆண் என்ற விதி செர்விலியாவில் ஓரளவு தாங்கும்; சிவப்பு இல்லையென்றால் ஆண் இல்லை என்ற விதி தாங்காது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

நெல்வயலில் கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத சிறு ஊசித்தட்டானான அக்ரியோக்நெமிஸ் பிக்மேயா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் பெண் இளமையில் செக்கச்செவேலென்று இருந்து, முதிர்ந்து பச்சையாகிறது. ஒரு வயலில் சிவப்பு முதிர்ந்த ஆணையும், அதே வயலின் அதே வரப்பில் சிவப்பு இளம் பெண்ணையும் காட்டுகிறது. இஸ்க்னூரா செனெகலென்சிஸ் என்ற ஊசித்தட்டானில் ஆணின் வால் நுனியில் நீல வளையம் பளிச்சிடும். பெண்களில் ஒரு வகை ஆரஞ்சு நெஞ்சோடு தொடங்கிப் பச்சைப் பழுப்பாக முதிரும். இன்னொரு வகைப் பெண் அந்த நீல வளையத்தோடு ஆணின் நிறத்தையே அச்சாகப் பெற்றிருக்கும். ஓயாமல் துரத்தும் ஆண்களிடமிருந்து தப்ப இந்த வேடம் உதவுகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம்.

இந்தக் கோளாறுகளுக்கெல்லாம் தமிழில் முன்பே பெயர் உண்டு. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தருக்கம் கற்பிக்கிறார். கருதலுக்குச் சான்றாகக் காட்டும் அடையாளமே ஏது; அங்கே ஏதுப் போலிகள் அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என வகுக்கப்படுகின்றன. மெய்ப்பிக்க வேண்டிய பொருளிலும் அதற்கு மாறானதிலும் ஒருங்கே காணப்படும் ஏது அநைகாந்திகம். இஸ்க்னூராவின் நீல வளையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எதை மெய்ப்பிக்கக் கொண்டுவந்தோமோ அதற்கு மாறானதையே மெய்ப்பிக்கும் ஏது விருத்தம். உடல் முழுதும் சிவந்திருப்பதால் ஆண் என்று பிக்மேயாவைச் சொன்னால் அது விருத்தம். புகார் நகரத்தில் தொடங்கும் ஒரு காப்பியம் துறவிக்குத் தேவையென்று கற்பித்த பாகுபாடு, புகாருக்கு மேற்கே உள்ள வயல்களில் பூச்சி பார்ப்பவருக்கும் அப்படியே தேவைப்படுகிறது. பௌத்தரோடு கடுமையாக வாதாடிய சைவர்களும் இந்தத் தருக்கப் பகுதியில் பெரும்பாலும் அவர்களோடு ஒரே மொழியில் பேசினார்கள்.

நிறம் ஏன் பிறழ்கிறது என்பதற்கு 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேதியியல் காரணம் காட்டினார்கள். செர்விலியாவிலும் வேறு இரண்டு இனங்களிலும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் தனித்தனிச் சாயம் கிடையாது. தோலில் உள்ள ஓமோகுரோம் என்ற அதே நிறமிகள் ஆக்சிஜனேற்ற நிலையில் மஞ்சளாகவும், ஒடுக்க நிலையில் சிவப்பாகவும் தெரிகின்றன. முதிர்ந்த ஆணில் ஒடுக்க நிலை மிகுந்திருக்கிறது. நிறமியை ஒடுக்கும் கரைசலை உயிருள்ள பூச்சிக்குள் செலுத்தியபோது இளம் ஆணும் சிவந்தது, பெண்ணும் சிவந்தது. சிவந்த பெண் பெண்ணாகவே இருந்தது. தத்துவ நோக்கில் இந்தச் சோதனை ஒரு பெரிய வாதத்துக்குச் சமம். சிவப்பு பொருளின் நிலையைச் சொல்கிறது. அந்த நிலையைப் பெரும்பாலும் ஆண் அடைகிறது என்பதால் அது ஆணின் இயல்பாகிவிடாது.

பிறழாத அடையாளங்கள் உடலில் வேறு இடத்தில் இருக்கின்றன. வால் என்று வழக்கில் சொல்லப்படும் நீண்ட வயிற்றில் பத்துக் கணுக்கள் உண்டு. ஆணின் விந்து ஒன்பதாம் கணுவில் வெளிப்படுகிறது. ஆனால் கலவிக்கான உறுப்பு வயிற்றின் தொடக்கத்தில், இரண்டாம் மூன்றாம் கணுக்களின் அடியில் இருக்கிறது. கூடுவதற்கு முன் ஆண் தன் வயிற்றை வளைத்து விந்தைப் பின்னிருந்து முன்னுக்கு மாற்றிக்கொள்கிறது. பூச்சி உலகில் வேறெந்த வரிசையிலும் இந்த ஏற்பாடு இல்லை. தட்டானைப் பக்கவாட்டில் பார்த்தால் நெஞ்சை ஒட்டிய கணுக்களின் அடியில் புடைப்பாக இது தெரியும். அடுத்த அடையாளம் வால் நுனி. ஆணுக்கு அங்கே பற்றுறுப்புகள் உண்டு. தட்டானில் மேலே இரண்டும் கீழே ஒன்றும், ஊசித்தட்டானில் மேலே இரண்டும் கீழே இரண்டும். இவற்றால் தட்டான் பெண்ணைத் தலையிலும், ஊசித்தட்டான் முன்நெஞ்சிலும் பற்றுகிறது. பிறகு பெண் தன் வயிற்றை முன்னோக்கி வளைத்து ஆணின் இரண்டாம் கணுவில் சேர்க்க, இரண்டும் ஒரு வளையமாகிவிடுகின்றன. பெண்ணின் எட்டாம் ஒன்பதாம் கணுக்களுக்கு அடியில் முட்டையிடும் உறுப்போ மூடுதகடோ இருக்கும். ஊசித்தட்டான்களில் அது தண்டைக் கீறும் கூரிய உறுப்பு.

சித்தியார் ஏதுவை இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக வகுக்கிறது. புகையால் தீயை அறிவது காரிய ஏது. வால் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுவதைக் கண்டு பெண் என்பதும் அதுவே. ஆனால் எச்சரிக்கை வேண்டும். பருவமழையோடு கூட்டம் கூட்டமாக வரும் பண்டாலா ஃபிளாவெசென்ஸில் ஆண் பெண்ணைப் பற்றியபடியே நீர்மேல் பறக்கும். முன்னால் இருப்பது ஆண், முட்டையிடுவது பின்னால் இருப்பது. இரண்டாம் கணுவின் அடி வழவழப்பாக இருப்பதைக் கண்டு பெண் என்று முடிவு செய்வது அநுபலத்தி, இல்லாமையால் அறிதல். கையேடுகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பெண்ணைக் காட்டுகின்றன: ஆணுக்கு இன்ன நிறம், பெண் மங்கல், ஆணுக்கு இன்ன உறுப்பு, பெண்ணுக்கு இல்லை. முறை செல்லும். ஆனால் காண வேண்டிய இடத்தில் காண முடிகிற ஒன்று இல்லாதபோதுதான் இல்லாமை அறிவாகும். தொலைவில், எதிர்வெயிலில் புடைப்பு தெரியவில்லை என்பது இல்லாமைக்குச் சான்றல்ல. பெண்ணுக்குரிய உறுப்பை எட்டாம் ஒன்பதாம் கணுவில் நேரே பார்ப்பது இதைவிட உறுதியானது, நேர்மையானதும்கூட.

நிறம் பிறழும்போது உறுப்பு பிறழாததற்குக் காரணம், உறுப்பு மற்றொன்றோடு சேரும் இடம் என்பதே. ஆணின் பற்றுறுப்புக்குப் பெண்ணின் தலையோ நெஞ்சோ இல்லாமல் பொருளில்லை. சித்தியாரின் முதற் சூத்திரப் பகுதியில் சத்தியும் சிவமும் என்ற தன்மையால் உலகம் முழுவதும் ஆணும் பெண்ணுமாக, குணமும் குணியுமாக வைக்கப்பட்டது என்ற கருத்து வருகிறது. அங்கே ஆண் பெண் உறவு ஒத்தும் ஒவ்வாமலும் நிற்பதாகச் சொல்லப்படுகிறது. இதைச் சடங்குப் பேச்சாகக் கடந்துவிடலாம். தட்டானோடு வைத்துப் பார்த்தால் அது துல்லியமான விவரிப்பு. ஆர்தீட்ரம் சபினாவில் ஆணும் பெண்ணும் கண், நெஞ்சு, சிறகு, பட்டைகள் அனைத்திலும் ஒக்கின்றன. ஒவ்வாமை இருப்பது சேர்க்கைக்கு வேண்டிய இரண்டு மூன்று இடங்களில் மட்டும். பிரிப்பதற்காக அல்லாமல் கூடுவதற்காகவே அங்கே வேறுபாடு இருக்கிறது.

இதிலிருந்து பால் உயிருக்கு உரியதா என்ற சமயக் கேள்வி எழுகிறது. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதை எடுத்துக்கொண்டு, அதனால் அது ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டது என்று கருதுகிறது. பாற்பகுப்பு அங்கே படைக்கப்பட்ட உலகத்தின் பக்கம் நிற்கிறது. மாயையிலிருந்து கிடைத்த உடம்புக்கு ஆண்மை பெண்மை உண்டு, உயிருக்கு இல்லை. செர்விலியாவின் சிவப்பு உடம்பின் ஒரு நிலை என்றால், சைவ சித்தாந்தத்தின்படி பற்றுறுப்பும் உயிரை நோக்க ஒரு நிலைதான். சித்தாந்தி இன்னும் ஒரு படி கீழே தோண்டுகிறார், அவ்வளவே. பூச்சியியல் அந்தப் படிக்கு வருவதில்லை. வர வேண்டிய தேவையும் அதற்கில்லை.

இங்கே ஒரு சபலம் குறுக்கிடும். மிக அரிதாகத் தட்டான்களில் உடலின் ஒரு பகுதி ஆணாகவும் மறு பகுதி பெண்ணாகவும் அமைவதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் விமானச் சுவரில் வலம் ஆணாகவும் இடம் பெண்ணாகவும் நிற்கும் அர்த்தநாரியை உடனே நினைவுகூரத் தோன்றும். ஒப்பீடு பொருந்தாது. தட்டானில் நடந்தது உயிரணுக்கள் பிரிகையில் நேர்ந்த விபத்து. அந்தப் பூச்சி பெரும்பாலும் இரு பாலாகவும் செயல்பட முடியாமல் போகிறது. சிற்பம் சொல்வது இரண்டு பாதிகளை ஒட்டியதைப் பற்றியல்ல, கதிரவனும் ஒளியும்போல் பிரிக்க முடியாத ஒன்றைப் பற்றி.

கோயில் மரபில் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கிய இடம் திருவையாறு. கயிலை நோக்கிச் சென்ற திருநாவுக்கரசர் வழியில் ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்பது வரலாறு. ஆடி அமாவாசையில் அங்கே அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கிறது. அப்போது பாடியதாகச் சொல்லப்படும் நான்காம் திருமுறைப் பதிகத்தில் யானை, கோழி, குயில், மயில், அன்றில், பன்றி, நாரை, கிளி, எருது என்று பாட்டுக்குப் பாட்டு ஓர் இணை வருகிறது. அவற்றில் அவர் சத்தியையும் சிவத்தையும் கண்டார் என்பது சைவர் கொள்ளும் பொருள். அளவை நோக்கில் ஒன்று கவனிக்கத் தக்கது. ஒற்றை யானையைப் பார்த்து இது களிறு, ஒற்றை மயிலைப் பார்த்து இது சேவல் என்று அங்கே கருதப்படவில்லை. துணையோடு வருவதாகவே ஒவ்வொன்றும் காணப்பட்டது. அடையாளத்திலிருந்து பாலுக்குப் போகும் கருதல் அங்கே தேவைப்படவே இல்லை. பூச்சிகள் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால், வளையமாகப் பிணைந்து பறக்கும் தட்டான் இணையில் எது ஆண், எது பெண் என்று கேட்க ஐயமே இருந்திராது.

அடையாளத்தால் ஏமாறுவது பார்க்கும் மனிதருக்கு மட்டும் நேர்வதல்ல. தட்டானும் கண்ணால் வாழும் பூச்சி. பெரிய இனங்களின் கூட்டுக்கண்ணில் ஏறத்தாழ 30,000 சிறு கண்கள் உண்டு. அந்தக் கண் நீரை அறிவது கிடைமட்டமாக முனைவாக்கம் பெற்ற ஒளியைக் கொண்டு. ஹங்கேரியின் ஒரு கல்லறைத் தோட்டத்தில் மெருகேற்றிய கறுப்புக் கற்களை நீரென்று கொண்டு தட்டான்கள் பரப்பைத் தொட்டுத் தொட்டுப் பறந்ததை 2007-இல் வெளியான ஆய்வு விவரிக்கிறது. கார்களின் கூரையில் முட்டையிடுவதும் பதிவாகியிருக்கிறது. துணை தேடுவதிலும் இதே கதை. ஆண் இன்னோர் ஆணைப் பற்றிவிடுவதுண்டு, வேற்றினப் பெண்ணைப் பற்றுவதும் உண்டு, ஆண் நிறம் கொண்ட இஸ்க்னூராப் பெண்ணைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு. ஊசித்தட்டான்களில் இந்தத் திரிவு திருத்தப்படும் இடம் கண்ணல்ல. ஆணின் பற்றுறுப்பு பெண்ணின் முன்நெஞ்சில் பொருந்தும் விதம் இனத்துக்கு இனம் வேறு. பிடி பொருந்தாவிட்டால் பெண் வயிற்றை வளைத்துக் கொடுப்பதில்லை. சிறிது நேரத்தில் ஆண் விட்டுவிடுகிறது.